இடுப்பு மூட்டு வலியும் அரைமண்டியும்: அறுவை செய்துகொள்வதா, தள்ளிப்போடுவதா?

சிறுவயதில் பரதம் கற்று, படிப்பு, கல்யாணம், வேலை என்று இடையில் விட்டு, நாற்பதிலோ ஐம்பதிலோ மறுபடி சலங்கை கட்டியவர்கள் இன்று நிறையப் பேர். மேடை அவர்களுக்குப் பிழைப்பல்ல. வாரத்தில் இரண்டு மூன்று வகுப்பு, நவராத்திரியிலோ ஆண்டு விழாவிலோ ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மூன்று வகுப்புகள்தான் அவர்கள் வாரத்தைத் தாங்கிப் பிடிப்பவை. அப்படி ஒருவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "இந்த வயதில் ஆட்டம் எதற்கு, நிறுத்திவிடுங்கள்" அல்லது "மூட்டை மாற்றிவிட்டால் முன்போல் ஆடலாம்". இரண்டையும் அப்படியே நம்பி முடிவெடுக்கக் கூடாது. முதலாவது தேவையில்லாமல் ஒருவரை முடக்குகிறது. இரண்டாவது, அரைமண்டிக்கும் (முழங்கால்களை வெளிப்புறம் திறந்து பாதி உட்காரும் நிலை) முழுமண்டிக்கும் (அப்படியே முழுக்கக் கீழே உட்காரும் நிலை) இடுப்பு என்ன செய்கிறது என்பதைக் கேட்காமலே சொல்லப்படுவது.

நான்கு வழிகளை இங்கே எடை போடுகிறோம்: அறுவை இல்லாமல் பயிற்சியும் ஆட்டத்தில் மாற்றமும், ஊசி, துளை வழியாகச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி, முழு இடுப்பு மூட்டு மாற்று. இவற்றுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் வேறு இரண்டு அறுவைகளையும் தேவையான இடத்தில் தொட்டுச் செல்கிறோம்.

## முதலில், வலி மூட்டிலிருந்துதான் வருகிறதா?

"இடுப்பு வலி" என்று தமிழில் சொன்னால் முதுகின் கீழ்ப்பகுதியும் அதில் அடங்கிவிடும். இடுப்பு மூட்டு கெட்டிருந்தால் வலி பெரும்பாலும் முன்பக்கம், கவட்டையில் இருக்கும். தொடையின் முன்புறமாக முழங்கால் வரை இறங்கவும் செய்யும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் வருமாறு கையை வளைத்து இடுப்பைப் பிடித்துக் காட்டுவார்கள். தொடையின் வெளிப்புறத்தில், ஒருக்களித்துப் படுத்தால் குத்துகிற வலி பெரும்பாலும் பிட்டத் தசைநாண்களின் சிக்கல். பிட்டத்தில் தொடங்கிக் கால் வரை மின்னல்போல் ஓடினால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். பிட்டத் தசைநாண் வலிக்கு மூட்டை மாற்றினால் வலி அப்படியே இருக்கும்.

மூட்டுத் தேய்மானத்தில் முதலில் குறைவது தொடை உட்புறம் திரும்புவது. ஆடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் பரதத்துக்கு வேண்டியது வெளிப்புறத் திருப்பம். அரைமண்டியில் ஒரு முழங்கால் மட்டும் முன்னால் வர ஆரம்பித்து, குரு "வலது முட்டியைத் திற" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் கட்டத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் தேய்மானம் பல வருடம் போயிருக்கலாம்.

இரண்டு நிலைகளில் இந்தக் கட்டுரையின் நிதானம் பொருந்தாது. நிகழ்ச்சிக்காகத் திடீரெனப் பயிற்சியைக் கூட்டியபின், ஊன்றும்போதெல்லாம் கவட்டையில் கூர்மையான வலி வந்தால் தொடை எலும்பின் கழுத்தில், அதாவது உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே உள்ள குறுகிய பகுதியில், நுண்முறிவு இருக்கலாம். மாதவிடாய் நின்றவர்களும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலில் ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றொன்று, தொடை எலும்பின் அந்த உருண்டைத் தலைக்கு இரத்தம் போவது குறைந்து அது சாகத் தொடங்குவது. ஸ்டீராய்டு மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தவர்களுக்கும் மது அதிகம் குடிப்பவர்களுக்கும் இது வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். தலை நசுங்குமுன் கண்டால், எலும்பில் துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. நசுங்கியபின் அந்த வாய்ப்பு போய்விடும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

இரவும் நடையும். ஆட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். இரவில் வலி எழுப்புகிறதா? அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? குனிந்து கால் நகம் வெட்ட முடிகிறதா? ஆடும்போது மட்டும் வலிக்கும் மூட்டுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் மூட்டுக்கும் விடை வேறு.

படத்தில் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம். நின்றபடி எடுத்த இடுப்பு எக்ஸ்ரே வேண்டும். மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் ஆர்த்ரோஸ்கோப்பியால் பயன் கிடைப்பது அரிது. எம்.ஆர்.ஐ.யில் "லேப்ரம் கிழிந்துள்ளது" என்று வந்தால் உடனே அஞ்ச வேண்டாம். தொடை எலும்பின் தலை பொருந்தும் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள அந்த வளையம், வலியே இல்லாத நிறையப் பேரிடமும் கிழிந்தே காணப்படும்.

எலும்பின் வடிவம். சிலருக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும். எக்ஸ்ரேயில் கிண்ணம் தலையை மூடும் கோணம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் இயல்பு, 20-க்குக் கீழே இருந்தால் ஆழக்குறைவு. இப்படிப்பட்டவர்களுக்கு உடல் வளைந்து கொடுக்கும், கால் எளிதில் திறக்கும். அதனாலேயே நன்றாக ஆடுவார்கள், அதனாலேயே மூட்டு சீக்கிரம் தேயும். வேறு சிலருக்குத் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு புடைத்திருக்கும். ஆழமாக மடக்கும்போது விளிம்பில் இடிக்கும்.

எந்த ஆட்டம். வேகமான காலடி நிறைந்த தில்லானாவும் வர்ணத்துத் தீர்மானங்களும் வேண்டுமா, அபிநயம் மேலோங்கும் பதமும் ஜாவளியும் போதுமா? இதை மனதுக்குள் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

வயது, வீட்டில் ஆறு வாரம் கூட இருந்து உதவ ஆள், கையில் பணம் ஆகியவை அடுத்து வருபவை.

## முதல் வழி: அறுவை இல்லாமல், பயிற்சியும் மாற்றமும்

"பிசியோதெரபி செய்து பார்த்தேன், பயனில்லை" என்று சொல்பவர்களில் பலர் செய்தது சூடு ஒத்தடம், மின் அதிர்வு, பத்து நிமிட நீட்சி. அது பயிற்சியே அல்ல. தசை வலுப்பெறப் பாரம் ஏற வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது 12 வாரம், கடைசி இரண்டு முறை தூக்குவது கடினமாக இருக்கும் அளவுக்கு எடை அல்லது ரப்பர் பட்டை. இதுதான் குறைந்தபட்சம்.

- மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கிப் பிட்டத்தைத் தூக்குதல்: 10 முறை வீதம் மூன்று சுற்று, மேலே மூன்று விநாடி நிறுத்தி. எளிதானதும் ஒற்றைக் காலில்.
- ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குதல்: கால் உடலின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போனால் பிட்டத் தசைக்குப் பதில் தொடையின் முன்பக்கத் தசை வேலையை எடுத்துக்கொள்ளும். எல்லோரும் செய்யும் தவறு இது.
- படி ஏறி இறங்குதல்: 10 செ.மீ. பலகையில் தொடங்கி 20 வரை. முழங்கால் உள்ளே சாயக் கூடாது, மறுபக்க இடுப்பு கீழே தொங்கக் கூடாது. கண்ணாடி முன் செய்ய வேண்டும்.
- நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், மெதுவாக.
- ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்றல்.

வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், செய்யும்போது ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் பாரம் அதிகம். பட்டாம்பூச்சி ஆசனத்தில் உட்கார்ந்து முழங்கால்களைக் கீழே அழுத்தி ஆட்டுவதை அறவே விட வேண்டும். எலும்பு இடிக்கும் மூட்டில் அது லேப்ரத்தை மேலும் நசுக்கும். ஆழமில்லாத மூட்டிலோ ஏற்கெனவே தளர்ந்த மூட்டு உறையை இன்னும் இழுக்கும்.

ஆட்டத்தில் மாற்ற வேண்டியவை பல. சராசரி இடுப்பு மூட்டு வெளிப்புறம் திரும்புவது ஏறத்தாழ 45 டிகிரிதான். பாதங்கள் இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று வற்புறுத்தினால், மீதித் திருப்பத்தை முழங்காலும் கணுக்காலும் கொடுக்கின்றன, கீழ்முதுகு குழிகிறது. பாதத்தின் இரண்டாம் விரலும் முழங்காலும் ஒரே திசையில் இருக்கும் அளவுக்கு மட்டும் திறந்து, சற்று உயரமான அரைமண்டியில் ஆடுங்கள். முழுமண்டியையும், முழங்காலைத் தரையில் ஊன்றி ஆடும் மண்டி அடவையும் நிறுத்துங்கள். தொடக்க உருப்படியான அலாரிப்பில் முழுமண்டி வரும் இடத்தை அரைமண்டியிலேயே செய்துகொள்ள எந்த நல்ல குருவும் சம்மதிப்பார். மூன்றாம் காலம் எனும் அதிவேகம் வேண்டாம். ஒன்றரை மணி வகுப்பை முக்கால் மணியாக்கி, இடையில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள். கிரானைட், டைல்ஸ், சிமென்ட் தரையில் வெறுங்காலால் தட்டுவது மூட்டுக்கு நேரடி அடி. அடியில் காற்றிடைவெளி விட்ட மரத்தளம் சிறந்தது. அது இல்லாத இடத்தில் தட்டாமல் வைத்து ஆட வேண்டும்.

சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையின் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. அதனால் ஐந்து கிலோ குறைந்தால் மூட்டுக்குப் பன்னிரண்டு கிலோ குறைந்த மாதிரி. வலி கூடும் நாட்களில் கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கம் பிடிக்கிறார்கள், அதனால் பயனில்லை.

இவ்வழிக்கு மறைந்த செலவுகள் உண்டு. முழங்காலும் முதுகும் ஈடுகட்டிக் களைத்துப்போகும். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரத்த அழுத்தம் ஏறும், வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். மூட்டு முன்பக்கம் மடங்கியபடியே இறுகிப்போனால், பிறகு அறுவை செய்தாலும் மீள அதிக நாளாகும். முற்றிய தேய்மானத்தில் பயிற்சிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. டென்மார்க்கில் 50 வயதுக்கு மேற்பட்ட 109 பேரிடம் மூட்டு மாற்றையும் எடைப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வில், 48 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் ஆறு மாதத்தில் அறுவைக் குழு 15.9 புள்ளியும் பயிற்சிக் குழு 4.5 புள்ளியும் முன்னேறின. பயிற்சிக் குழுவில் ஐந்தில் ஒருவர் அதற்குள் அறுவைக்கு மாறிவிட்டார். இன்னொரு விதத்தில் பார்த்தால், அந்தக் குழுவில் பெரும்பான்மையோர் ஆறு மாதம் அறுவை இல்லாமலே சமாளித்திருக்கிறார்கள்.

## இரண்டாம் வழி: ஊசி

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை வலியைக் குறைக்கலாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே போட வேண்டும்; கைப்பழக்கத்தில் போட்டால் வெளியே போய்விடும். போட்டபின் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடும் என்பதால், அறுவைத் தேதி நெருங்கியவர்களுக்கு இது ஏற்றதல்ல. மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்திப் பார்ப்பதில் வேறொரு நன்மை இருக்கிறது: சில மணி நேரம் வலி முழுக்கப் போனால், வலியின் ஊற்று மூட்டுதான் என்று உறுதியாகும்.

"கிரீஸ் ஊசி" என்று விற்கப்படும் ஹயலுரானிக் அமில ஊசியை இடுப்புக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பயன் நிரூபிக்கப்படவில்லை, விலையும் அதிகம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன் ஊசி போட்டுக்கொண்டு வர்ணம் ஆடுவது மிகத் தவறான பயன்பாடு. வலி மறைந்திருக்கும்போது மூட்டு எவ்வளவு அடி வாங்கியது என்று தெரியாது.

## மூன்றாம் வழி: ஆர்த்ரோஸ்கோப்பி

இரண்டு மூன்று சிறு துளை வழியே கேமராவும் கருவியும் செலுத்தி, புடைத்த எலும்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தைத் தைப்பது. எலும்பு இடிப்பதால் வலி வருகிற, குருத்தெலும்பு நன்றாக இருக்கிற, முப்பதுகளில் உள்ளவருக்கு இது பொருந்தும். பிரிட்டனில் 348 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இதைச் செம்மையான பிசியோதெரபியோடு ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் இரு குழுவும் தேறின. நூறு புள்ளி அளவுகோலில் அறுவைக் குழு 6.8 புள்ளி முன்னால் நின்றது. அந்த வித்தியாசம் உண்மையானது, பெரிதல்ல. அதனால் பயிற்சியை முறையாகச் செய்து பார்க்காமல் நேரே இதற்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஊன்றுகோல், ஆட்டத்துக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு மாதம் அல்லது அதற்கும் மேல். அறுவையின்போது காலை இழுத்துப் பிடிப்பதால் பிறப்புறுப்புப் பகுதியில் சில நாள் மரத்துப்போகலாம். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பெண்கள் இதில் மிகவும் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் தானே சரியாகும்.

இது கெடுதலாக முடியும் இடங்கள் இரண்டு. தேய்மானம் ஏற்கெனவே இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்குச் செய்தால், ஓரிரு வருடத்திலேயே மூட்டு மாற்றுக்குப் போக நேரிடும் வாய்ப்பு அதிகம். பணமும் ஒரு வருடமும் வீண். கிண்ணம் ஆழமில்லாதவருக்குச் செய்தால் மூட்டு இன்னும் நிலை தளரும். அவர்களுக்கு, குருத்தெலும்பு நன்றாக இருந்து வயது நாற்பதுக்குள் இருந்தால், கிண்ணத்தை எலும்போடு வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவைதான் சரியானது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1984-இல் தொடங்கிய முறை அது. பெரிய அறுவை, ஆறிலிருந்து எட்டு வாரம் முழுப் பாரம் ஊன்ற முடியாது. ஆனால் சொந்த மூட்டு நிலைக்கும்.

## நான்காம் வழி: முழு இடுப்பு மூட்டு மாற்று

தேய்ந்த தலையை வெட்டி எடுத்து, தொடை எலும்புக்குள் ஒரு தண்டு, அதன்மேல் செராமிக் அல்லது உலோகப் பந்து, எதிரே கிண்ணம், உள்ளே உறுதியூட்டிய பாலிஎத்திலீன் அல்லது செராமிக் உறை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960-களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய வடிவத்தின் வழிவந்ததே இன்றைய மூட்டும். வலியைப் போக்குவதில் எலும்பியலில் இதற்கு இணையான அறுவைகள் மிகக் குறைவு. அன்றோ மறுநாளோ நடக்கவைத்துவிடுவார்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்? தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கணக்கின்படி, பொருத்திய மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 வருடம் தாண்டியும் நிலைத்தன. அவை பழைய பொருட்கள். இப்போதைய பாலிஎத்திலீன் மிகக் குறைவாகத் தேய்கிறது. ஆனாலும் வயது முக்கியம். பிரிட்டன் தரவில், எழுபதுக்கு மேல் செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்பட்டது ஏறத்தாழ 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு 35 சதவீதம் வரை, பெண்களுக்கு 20 சதவீதம் அளவு. மறு அறுவை முதலாவதைவிடக் கடினமானது, அதன்பின் ஆட்டத்துக்குத் திரும்புவதும் கடினம்.

ஆடுபவர் அவசியம் பேச வேண்டியது, எந்தப் பக்கமாகத் திறக்கிறார்கள் என்பது. பின்புறமாகத் திறந்தால், தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளை வெட்டித் திரும்பத் தைக்கிறார்கள். அரைமண்டியைத் திறப்பது அந்தத் தசைகள்தான். மூட்டு நழுவும் ஆபத்து, ஆழமாக மடக்கி உட்புறம் திருப்பும்போது. முன்புறமாகத் திறந்தால் தசைகளை வெட்டாமல் விலக்கிப் போகலாம். ஆனால் தொடையின் முன்புறத் தோல் மரத்துப்போகலாம், நழுவும் ஆபத்து காலைப் பின்னால் நீட்டி வெளிப்புறம் திருப்பும்போது. காலைப் பின்னே வீசி உடலைத் திருப்பும் நிலைகளை அதிகம் ஆடுபவர் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கவாட்டில் திறக்கும் முறையில் இடுப்பைத் தாங்கும் தசை பிளக்கப்படுவதால், சிலருக்கு நொண்டல் நீடிக்கும். ஒரு வருடம் கழித்து முன், பின் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. மருத்துவருக்கு எது நன்றாகக் கைவந்ததோ, அதைச் செய்யவிடுவதே நல்லது.

பந்தின் அளவும் பொருட்டு. 28 மில்லிமீட்டர் பந்தைவிட 32, 36 மில்லிமீட்டர் பந்து எளிதில் நழுவாது. அதைவிட உறுதி வேண்டுமானால் பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டு இருக்கிறது. 1970-களில் பிரான்சில் உருவானது. கீழ்முதுகு இறுகியவர்களுக்கும் முதுகில் ஆணி போட்டவர்களுக்கும் நழுவும் அபாயம் கூடுதல் என்பதால், உட்கார்ந்தும் நின்றும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துக் கிண்ணத்தின் சாய்வைத் திட்டமிட வேண்டும்.

எலும்புத் தலையை வெட்டாமல் அதன்மேல் உலோகத் தொப்பி போடும் முறையை "ஆட்டக்காரர்களுக்கு ஏற்றது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசுவதால் கோபால்ட், குரோமியம் இரத்தத்தில் கலக்கும். சிறிய அளவு மூட்டுகளில் தோல்வி அதிகம். இவ்வகையைச் சேர்ந்த பர்மிங்ஹாம் மூட்டின் தயாரிப்பாளரே 2015-இல் பெண்களுக்கு அது வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதற்கு முன்பே 2010-இல் ஏ.எஸ்.ஆர். என்ற இன்னொரு உலோக மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பரதம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இந்தக் கதவு அவர்களுக்கு மூடியதே. எலும்பு பெரிதாக, உறுதியாக உள்ள அறுபதுக்குட்பட்ட ஆண்கள் மட்டும் விசாரிக்கலாம்.

### அடவு வாரியாக என்ன எதிர்பார்க்கலாம்

"மூட்டு மாற்றியபின் நடனம் ஆடலாம்" என்று மருத்துவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் மேலைநாட்டு ஜோடி நடனம் போன்ற மென்மையான ஆட்டம்தான் அவர்கள் மனதில் இருக்கிறது. பரதத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

| அசைவு | தேய்ந்த மூட்டில் | மாற்று மூட்டில், ஆறு மாதத்துக்குப் பின் |
|---|---|---|
| சமபாதத்தில் (நேராக நின்று) அபிநயம் | பெரும்பாலும் தடையில்லை | தடையில்லை |
| அரைமண்டி | ஒரு பக்கம் திறக்காது, உயரம் கூடும் | வலியின்றி வரும். ஆழம் பழைய இறுக்கத்தையும் தசையையும் பொறுத்தது |
| தட்டடவு (பாதத்தைத் தரையில் தட்டுவது) | கடினத் தரையில் வலி | மென்மையாகத் தட்டலாம் |
| நாட்டடவு (காலை நீட்டி ஊன்றுவது) | நீட்டும் கால் குறையும் | நன்றாகவே வரும் |
| குதித்து மெட்டடவு | தவிர்க்கவும் | திரும்பத் திரும்பக் குதிப்பது மூட்டின் ஆயுளுக்கு நல்லதல்ல |
| முழுமண்டி | வராது, வற்புறுத்தினால் கேடு | மருத்துவர் குறிப்பிட்டு அனுமதித்தால் மட்டும் |
| மண்டி அடவு | தவிர்க்கவும் | விட்டுவிடுவதே நல்லது |
| சம்மணமிட்டு அமர்ந்து அபிநயம் | சிரமம் | பலருக்கு மூன்று மாதத்துக்குப் பின் முடியும். எழும்போது உட்புறம் திருப்பாமல் எழ வேண்டும் |

முழுமண்டியைப் பற்றி இன்னும் சற்று. அதில் தொடை நூறு டிகிரிக்கும் மேலாக மடங்குகிறது. முழங்கால்கள் வெளியே திறந்திருப்பதால் பின்புறமாக நழுவும் ஆபத்து குறைகிறது என்பது உண்மை. ஆனால் களைத்து எழும்போது முழங்கால் ஒருமுறை உள்ளே விழுந்தால் போதும், செயற்கைக் கழுத்து கிண்ண விளிம்பில் நெம்பும். மூட்டு நழுவினால் தாங்க முடியாத வலி, மயக்கம் கொடுத்து உள்ளே தள்ள வேண்டும், ஒருமுறை நழுவியது மறுபடி நழுவும் வாய்ப்பும் கூடும். இரண்டு விநாடி நிலைக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

### திரும்பும் ஒழுங்கு

இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பு. இரத்தம் உறையாமல் இருக்க ஐந்து வாரம் வரை மருந்து. ஆறு வாரத்தில் பெரும்பாலோர் தடியின்றி வீட்டுக்குள் நடப்பார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை நாற்காலியில் அமர்ந்து ஹஸ்தம், கண், அபிநயம். ஜதி சொல்லிக் கையால் தட்டலாம். கிருஷ்ணர் நிலைபோல் காலைக் குறுக்கே வைப்பது இந்தக் காலத்தில் கூடாது. மூன்று மாதத்தில், உயரமான அரைமண்டியில் முதல் காலத் தட்டடவு, தட்டாமல். அறுவை செய்த காலில் 30 விநாடி, இடுப்பு சாயாமல் நிற்க முடிந்தபின்தான் நாட்டடவு. ஆறு மாதத்துக்குப் பின் உருப்படிகள். ஒரு வருடம் வரை முன்னேற்றம் தொடரும்.

இங்கே தவறுவது பெரும்பாலும் நன்றாக இருப்பவர்கள்தான். மூன்றாம் வாரத்தில் வலி போய்விடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். தைத்த தசையும் எலும்போடு ஒட்ட வேண்டிய தண்டும் அப்போது ஆறிக்கொண்டுதான் இருக்கும்.

### பணமும் வீடும்

தனியார் மருத்துவமனையில் ஒரு இடுப்புக்கு 2 லட்சத்துக்குக் குறைவது அரிது, 5 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. பொருத்தும் மூட்டின் பொருளும் அறை வகையுமே பெரிய வித்தியாசம். "பேக்கேஜ்" சொல்லும்போது மூட்டின் விலை, இரத்தம், வீடு திரும்பியபின் பிசியோதெரபி ஆகியவை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் காப்பீட்டில் தேய்மானத்துக்கான மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு உண்டு. பாலிசி எடுத்த தேதியைப் பார்த்து அறுவைத் தேதியை வைத்தால் பெரும் தொகை மிஞ்சும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு இருக்கிறது.

வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, அதன்மேல் உயர்த்தும் இருக்கை, முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில், குளிக்கும் இடத்தில் கைப்பிடி. தரைப்பாயும் மனையும் சில மாதம் வேண்டாம். காலில் பித்தவெடிப்போ புண்ணோ இருந்தால் அறுவைக்கு முன் முழுக்க ஆற வேண்டும். வெறுங்காலில் ஆடுபவர்கள் பிறகும் அதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தோல் வழி நுழையும் கிருமி இரத்தம் வழியே செயற்கை மூட்டில் குடியேற முடியும். தொற்று ஏற்படுவது நூற்றில் ஒருவர் அளவுதான், ஆனால் வந்தால் மூட்டையே கழற்ற நேரலாம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பது, சொத்தைப் பற்களைப் பார்த்துவிடுவது, புகையை நிறுத்துவது எல்லாம் இதற்காகத்தான்.

கால் நீளம் சில மில்லிமீட்டர் மாறலாம். சமபாதத்தில் நின்று பழகிய உடல் அதை மற்றவர்களைவிட உடனே உணரும். முதல் மூன்று மாதம் உணரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி தசை இறுக்கமே. அவசரப்பட்டுச் செருப்பில் உயரம் வைக்க வேண்டாம்.

## எந்த நிலையில் எது

ஆடும்போதும் மறுநாளும் மட்டும் வலி, தூக்கம் கெடவில்லை, படத்தில் இடைவெளி ஓரளவு இருக்கிறது: முதல் வழி. 12 வாரம் முழுமையாக, பாரத்தோடு. அது முடியும்வரை வேறு எதையும் பேசவே வேண்டாம்.

முப்பதுகளில் வயது, மடக்கும்போது கூர்மையாகக் குத்துகிறது, குருத்தெலும்பு நன்றாக இருக்கிறது, மூன்று மாதப் பயிற்சியும் உதவவில்லை: ஆர்த்ரோஸ்கோப்பி. கிண்ணம் ஆழமாக இருக்கிறதென்று உறுதி செய்தபின்.

இரவில் வலி எழுப்புகிறது, அரை மணி நடை முடியவில்லை, எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டது: மூட்டு மாற்று. ஐம்பது வயதானாலும் சரி. "அறுபது ஆகட்டும்" என்று வலிக்கும் மூட்டோடு பத்து வருடத்தைக் கழிப்பதில் எந்த லாபமும் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் இழக்கும் தசையும் நடையும் திரும்ப வருவது கடினம்.

நடை, தூக்கம் எல்லாம் பரவாயில்லை, தில்லானாவை முன்போல் ஆட மட்டும் அறுவை வேண்டும் என்று நினைப்பவர்கள் காத்திருப்பது நல்லது. மாற்று மூட்டு வலியை எடுக்கும். இருபது வயது மூட்டைத் தராது. அறுவைக்குப் பின் ஏமாற்றம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால், அதிகம் வலிக்கும் பக்கத்தை முதலில் செய்து, மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்ததைத் தீர்மானிக்கலாம். ஒன்று சரியானதும் மற்றதன் வலி தாங்கும் அளவுக்கு இறங்குவதும் உண்டு.

## மருத்துவரிடம் போகும்போது

கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துச் செல்லுங்கள்: முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அரைமண்டி, நாட்டடவு ஒரு சுற்று, பழைய பதிவிலிருந்து அலாரிப்பின் முழுமண்டி. இதைப் பார்க்காமல் எந்த எலும்பு மருத்துவராலும் சரியான பதில் சொல்ல முடியாது. பிறகு கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை இடுப்பு மூட்டு மாற்றுகிறீர்கள், எந்தப் பக்கமாகத் திறக்கிறீர்கள், எந்த அளவு பந்து, என் முதுகு அசைவைப் பார்த்தீர்களா, இந்தக் காணொளியில் உள்ள எந்த நிலையை நான் இனி செய்யவே கூடாது. கடைசிக் கேள்விக்கு "எல்லாம் செய்யலாம்" என்று காணொளியைப் பார்க்காமலே பதில் வந்தால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். பதிலை எழுதி வாங்கி, குருவிடமும் ஒரு நகல் கொடுங்கள். வகுப்பில் "இன்னும் கீழே உட்கார்" என்று சொல்பவர் அவர்தான்.